சங்கிலி பிடித்தவர் பெயர் என்ன?

முந்தல் சோதனைச்சாவடியைத் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்தால் போடிமெட்டு. பஸ்ஸை விட்டு இறங்கும் வெளியூர்க்காரர் முதலில் தேடுவது ஸ்வெட்டரை; அடுத்தது செல்போனை. திரையில் நீலப் புள்ளி ஒன்று மினுக்கும். அதன் பக்கத்தில் ஒரு புள்ளிக்கோடு போகும். கோட்டுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளம். தலையை நிமிர்த்திப் பார்த்தால் கோடு எங்கும் இல்லை. டீக்கடை இருக்கிறது, பனிமூட்டம் இருக்கிறது, கீழே தேசிய நெடுஞ்சாலை பாம்புபோல் நெளிந்து கிடக்கிறது.

விடியும் முன்பே போடியிலிருந்து ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களுக்கு அந்தக் கோடு ஒரு சோதனைச்சாவடி, அவ்வளவுதான். காய் எடுக்கும் இடம் கேரளம். வாங்கிய கூலிக்கு அரிசி வாங்கும் இடம் தமிழ்நாடு. எடுத்த காய் ஸ்டோரில் காய்ந்து, மூட்டையாகி, ஏலம் போவதற்கு மறுபடி போடிக்கே இறங்கி வருகிறது. ஏலக்காய்க்கு எல்லை கிடையாது. பட்டாவுக்கு உண்டு. வனத்துறைக்கு உண்டு. வழக்கு என்று வந்துவிட்டால் எல்லாருக்கும் உண்டு.

அந்தக் கோட்டை யார் போட்டது என்று சாதாரண நாளில் ஒருவரும் கேட்பதில்லை. சண்டை வந்ததும் கேட்கிறார்கள். அப்போது பழைய வரைபடம் ஒன்றின் பெயரை யாராவது சொல்கிறார். அதைக் கண்ணால் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஏலமலையின் வழக்குகள் பலவும் கடைசியில் படத்தில் வந்து முட்டுகின்றன. ஆனால் அந்தப் படம் எப்படிப் பிறந்தது, அதில் எங்கே பிழை நுழையும் என்பதை இந்த மலையடிவாரத்துப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுத்ததில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். அதற்கு ஒரு ஜெர்மானியரையும், ஓர் ஆங்கிலேயரையும், பெயர் தெரியாத பலரையும் தெரிந்துகொள்வது அவசியம்.

ஜெர்மானியர் டோபியாஸ் மேயர். 1723-ல் பிறந்தவர். அப்பா வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர். பிறகு எஸ்லிங்கன் என்ற ஊரில் குடிநீர் ஊற்றுகளைப் பராமரிக்கும் வேலைக்கு வந்தார். பையனுக்கு எட்டு வயதானபோது அப்பா இறந்துவிட, வளர்ந்தது ஊர் அநாதை விடுதியில். கணக்கைத் தானாகப் படித்தார். 16 வயதில் எஸ்லிங்கன் நகரத்தின் வரைபடத்தை அவரே அளந்து வரைந்தார். அது செப்புத்தகட்டில் வெட்டப்பட்டு அச்சுக்கும் போனது. 1746-ல் நூரம்பெர்க் நகரில் ஹோமன் வரைபட நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் காலத்து ஐரோப்பாவில் ஹோமன் என்றால் வரைபட உலகின் பெரிய கடை. நம் ஊரும் அவர்கள் சரக்கில் உண்டு: மேயர் சேர்வதற்கு முன்பே, 1733-ல், மலபார், சோழமண்டலக் கரைகளைக் காட்டும் தென்னிந்தியப் படம் ஒன்றை அந்த நிறுவனம் வெளியிட்டிருந்தது. அந்தக் காலத்து ஐரோப்பியப் படங்களில் கரையோரம் முழுக்க ஊர்ப்பெயர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். கப்பல் போன இடமெல்லாம் பெயர். கரையை விட்டு மேற்குத் தொடர்ச்சி மலைக்குள் வந்தால், சின்னச் சின்னக் கூம்புகளை வரிசையாக வரைந்து மலை என்று சொல்லிவிடுவார்கள். போடி மலையும் அந்தக் கூம்புகளுக்குள்தான் ஒளிந்திருந்தது.

மேயர் ஹோமன் கடையில் இருந்தது ஐந்து வருடம். முப்பதுக்குப் பக்கமாக வரைபடங்கள் வரைந்தார். வரைய வரைய அவருக்கு ஒன்று உறுத்தியது. ஒரு படத்தைப் பார்த்து இன்னொரு படம், அதைப் பார்த்து மற்றொன்று என்று எல்லாரும் காப்பியடித்துக்கொண்டிருந்தார்கள். முதல் படத்தின் பிழை பேரன் படம்வரை போகிறது. வானத்தைப் பார்த்து இடம் குறிக்கப்பட்ட ஊர்கள் மிகக் குறைவு.

1750-ல் அவர் வெளியிட்ட ஜெர்மனி வரைபடத்துக்கு விமர்சன வரைபடம் என்ற பொருளில் லத்தீன் பெயர் வைத்தார். தான் சரியென்று நினைத்த எல்லைக்கோட்டை வரைந்தார். அதே தாளில் பிரெஞ்சுக்காரர் தெலீல் வரைந்த கோட்டையும், தன் முதலாளியின் நிறுவனம் விற்றுக்கொண்டிருந்த ஹோமன் கோட்டையும் சேர்த்துக் காட்டினார். ஒரே நாடு, மூன்று வடிவம். எது எவ்வளவு விலகியிருக்கிறது என்று வாங்குகிறவரே பார்த்துக்கொள்ளலாம். சொந்தக் கடைச் சரக்கின் குறையைச் சொந்தக் கடைச் சரக்கிலேயே அச்சடித்து விற்ற அந்தத் துணிச்சல், கோடு மாறினால் கௌரவம் போய்விடும் என்று நினைக்கும் இன்றைய அரசுத் துறைகளுக்கு வாய்க்காது.

ஒரு இடம் வடக்கு தெற்காக எங்கே இருக்கிறது என்பதைச் சூரியனையோ துருவ நட்சத்திரத்தையோ பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். கிழக்கு மேற்குதான் தலைவலி. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. அப்படியென்றால் இரண்டு ஊர்களின் நேர வித்தியாசம் தெரிந்தால் தூரம் தெரிந்துவிடும். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். ஆனால் நடுக்கடலில் நிற்பவனுக்கு லண்டனில் இப்போது மணி என்ன என்று யார் சொல்வது? இதற்கு விடை கண்டால் 20,000 பவுன் வரை பரிசு என்று பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1714-ல் அறிவித்திருந்தது. மேயர் நிலவைக் கடிகாரமாக்கினார். நட்சத்திரங்களுக்கிடையே நிலவு நகரும் போக்கை, முன்பு யாருக்கும் கைவராத துல்லியத்தில் அட்டவணையாக்கினார். நிலவுக்கும் ஒரு நட்சத்திரத்துக்கும் உள்ள கோணத்தை அளந்து அட்டவணையைப் பார்த்தால் தூரத்து ஊரின் மணி கிடைத்துவிடும்.

1751-ல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனவர் 1762-ல், 39 வயது நிறைந்து மூன்றே நாளில் இறந்தார். பரிசில் ஒரு பங்கு, 3,000 பவுன், 1765-ல் அவருடைய மனைவியின் கைக்கு வந்தது. அவர் வரைந்த நிலவின் வரைபடமும் இறந்த பிறகு 1775-ல்தான் அச்சேறியது. இன்று நிலவில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர். ஒரே கோணத்தைத் திரும்பத் திரும்ப அளந்தால் பிழை தேய்ந்துபோகும் என்பதும், அதற்கான கருவியும் அவர் யோசனைகள்தான். ஒரு தடவை அளந்ததை நம்பாதே என்ற அந்தப் புத்தியை வைத்துத்தான் பின்னால் வந்த நில அளவை முழுவதும் நடந்தது.

அது நம் பக்கம் வந்து சேர்ந்த இடம் சென்னை நுங்கம்பாக்கம். கிழக்கிந்தியக் கம்பெனியின் மைக்கேல் டாப்பிங் முயற்சியால் 1792-ல் அங்கே வானியல் ஆய்வுக்கூடம் எழுந்தது. கருவியைத் தாங்க நிறுத்திய கருங்கல் தூண் இன்றைக்கும் அங்குள்ள வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. ஆண்டுத் தகவல் பல மொழிகளில் வெட்டப்பட்டிருக்கிறது, தமிழிலும் உண்டு. அந்தக் கூடத்தின் தீர்க்கரேகையை ஆதாரமாக வைத்துத்தான் தென்னாட்டு வரைபடங்கள் கிழக்கு மேற்கு கண்டன. புயல் வந்தால் நாம் டிவியில் பார்க்கும் அதே வளாகம்தான்.

1794-ல் டாப்பிங் ஒரு சர்வே பள்ளியும் தொடங்கினார். முதல் மாணவர்கள் எட்டுப் பேர், சென்னை ஆண்பிள்ளை அநாதை விடுதியிலிருந்து எடுக்கப்பட்டவர்கள். இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி தன் வேரை அந்தப் பள்ளியில்தான் காட்டுகிறது. ஜெர்மனியில் ஓர் அநாதைப் பையன் வரைபடத்தைத் திருத்தினான்; சென்னையில் அநாதைப் பையன்கள் வரைபடத்துக்காகக் காடு மேடு நடந்தார்கள். முதலாமவன் பெயர் நிலவில் இருக்கிறது. மற்றவர்கள் பெயரை அலுவலகக் கோப்புகளில் தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

1802-ல் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அளந்து வில்லியம் லாம்ப்டன் தன் முக்கோண அளவையைத் தொடங்கினார். குன்றுக்குக் குன்று, கோபுரத்துக்குக் கோபுரம் கோணம் எடுத்துக்கொண்டே தெற்கே இறங்கினார். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள தியோடலைட் மோதி நசுங்கியது. வேறொருவர் என்றால் லண்டனுக்குக் கடிதம் எழுதிவிட்டு உட்கார்ந்திருப்பார். லாம்ப்டன் கூடாரத்தைச் சாத்திக்கொண்டு ஆறு வாரம் தானே தட்டி நிமிர்த்தினார். அவர் விட்டுப்போன முக்கோணப் புள்ளிகளின் மேல் நின்றுதான் அடுத்து வந்தவர்கள் ஊர், ஓடை, காடு, மலை என்று உள்ளே நிரப்பினார்கள்.

அப்படி நிரப்ப வந்தவர்களில் நம் கதைக்குரிய ஆங்கிலேயர் பெஞ்சமின் ஸ்வெய்ன் வார்டு. 1786-ல் பிறந்தவர். அவருடைய அப்பா பிரான்சிஸ் ஸ்வெய்ன் வார்டு, கம்பெனிப் படையில் அதிகாரி. அதைவிட ஓவியராகவே பேர் பெற்றவர். தென்னாட்டுக் கோயில்களையும் கோட்டைகளையும் வரைந்தார். 1773-ல் பத்து ஓவியங்களைக் கம்பெனிக்குக் கொடுத்தார். மதுரைக் காட்சிகளும் அவற்றில் உண்டு. அப்பா பார்த்ததை வண்ணத்தில் வரைந்தார், மகன் கோட்டில் வரைந்தார். அப்பா மண்டபத்தின் முன்னால் நிழலுக்காக ஒரு மரத்தைக் கூடச் சேர்த்திருந்தாலும் கேட்பாரில்லை. மகனுக்கு அந்தச் சலுகை கிடையாது.

மகனின் பணி வரலாற்றை மதுரைச் சீமைக்காரர் கண்ணால் பார்த்தால் வியப்பாக இருக்கும். இந்தப் பக்கத்து மலை ஒன்றையும் அவர் விடவில்லை. மதுரை, திண்டுக்கல் சீமைகளின் அளவையில் அவர் பங்கு உண்டு. 1816-ல் லெப்டினென்ட் பீட்டர் அயர் கானருடன் சேர்ந்து திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களை அளக்கத் தொடங்கி 1820 வரை அதில் இருந்தார். 1821-ல் வெள்ளகவி வழியாகப் பழனி மலையில் ஏறினார். இன்றைய கொடைக்கானல் பக்கம் கால் வைத்த ஐரோப்பியர்களில் முதலாமவர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். அங்கிருந்து நீலகிரி, 1821-22-ல் அதையும் அளந்து அறிக்கை எழுதினார். 1835-ல் இறந்தார்.

திருவிதாங்கூர் அளவைக் காலத்தில்தான் போடி வருகிறது. பெரியாற்றைப் பிடித்து மலைக்குள் போய், வடக்கே திரும்பி, உயர்ந்த மலைத்தொடரை அளப்பது அவர்களுக்கு இட்ட வேலை. மூணாறு தோட்டங்களின் வரலாற்றை எழுதியவர்கள் 1817-ம் ஆண்டின் அந்தப் பயணத்தைத்தான் தொடக்கமாகச் சொல்கிறார்கள்: போடிநாயக்கனூரிலிருந்து இருபது மைல்போல நடந்து, நாலாயிரத்து ஐந்நூறு அடி உயரத்துக்கு வந்தபோது வார்டுக்கும் கானருக்கும் ஆனைமுடி கண்ணில் பட்டதாம். வழியில் யானை ஒன்று நூற்றைம்பது அடிப் பள்ளத்தில் விழுந்து செத்ததாம். இன்று போடிமெட்டுச் சாலையில் லாரி பள்ளத்தில் விழுந்தால் தடுப்புச்சுவரைக் குறை சொல்கிறோம். சாலையே இல்லாத காலத்தில் சாமான் சுமந்து ஏறியது அந்த யானை.

2,695 மீட்டர் உயர ஆனைமுடியை வார்டு கண்டுபிடித்தார் என்று யாராவது எழுதினால் சிரித்துவிட்டு நகர வேண்டும். அதற்கு ஆனைமுடி என்று பெயர் வைத்தவர்கள் அவருக்குப் பல தலைமுறை முன்பே அங்கே இருந்தார்கள். முதுவர், மன்னான், பளியர், ஊராளி எல்லாரும் இந்த மலைகளின் குடிகள். முதுவர்கள் மதுரையிலிருந்து முதுகில் சுமையோடு மலையேறி வந்தவர்கள் என்று அவர்கள் வழிவழியாகச் சொல்கிறார்கள். குரங்கணிப் பக்கத்து முதுவாக்குடியில் இன்றும் இருக்கிறார்கள். எந்த ஓடையை எங்கே கடக்கலாம், எந்தப் பாறைக்குப் பின்னால் தண்ணீர் நிற்கும், எந்த மாதத்தில் காய்ச்சல் அடிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவு இல்லாமல் சிவப்புக் கோட் அணிந்த எந்த லெப்டினென்டும் இந்தக் காட்டில் ஒரு வாரம் தாக்குப்பிடித்திருக்க முடியாது.

அளந்த விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வழக்குகள் முளைக்கும் இடம் அங்கேதான் இருக்கிறது. சமவெளியில் சங்கிலி இழுப்பார்கள். 66 அடி நீளம், 100 லிங்க். பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட். நம் ஊர் சர்வேயர் இன்றைக்கும் வாயில் லிங்க் கணக்கை விடவில்லை. பாதை கிடைத்தால் கைப்பிடியோடு கூடிய அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டே தூரம் எண்ணுவார்கள். மலைச்சரிவில் இரண்டும் ஏமாற்றும். 30 பாகைச் சரிவில் நூறு அடி நடந்தால் படத்தில் அது 87 அடிதான், ஏனென்றால் படம் தரையைத் தட்டையாகவே காட்டும். போடியில் மலைத்தோட்டம் வாங்கிய ஒவ்வொருவருக்கும் இது தெரியும்: காலுக்குத் தெரியும் நிலம் ஒன்று, பத்திரத்தில் இருக்கும் நிலம் ஒன்று.

ஆகவே மலையில் முக்காலியின் மேல் ஒரு பலகை, பலகையின் மேல் தாள், தாளின் மேல் நோக்குக் கோல். தெரிந்த இரண்டு சிகரங்களைப் பார்த்துத் தான் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, கண்ணெதிரே தெரிவதை அங்கேயே நின்று வரைவார்கள். மேகம் மூடினால் வேலை நின்றது. கண்ணுக்கு எட்டாத மடிப்பும் பள்ளத்தாக்கும் ஊகத்தில் விழும். குளிர்காய்ச்சலில் ஆள் படுத்தால் அவசரத்தில் கோடு ஓடும். எந்த ஓடை எந்த ஆற்றில் சேர்கிறது என்று போய்ப் பார்க்க நேரமில்லாதபோது கூட வந்தவரைக் கேட்டு எழுதுவார்கள்.

பெயர் பட்ட பாடு தனி. மலைக்காரர் சொல்வார், அதைக் கீழ்நாட்டு மொழிபெயர்ப்பாளர் கேட்டு ஆங்கிலேயரிடம் சொல்வார், அவர் காதில் விழுந்தபடி எழுதுவார். கேட்டது மூன்று காது. வராககிரி வர்ரகெர்ரி ஆனது, நீலகிரி நீல்கெர்ரி ஆனது இப்படித்தான். பெரிய மலைகளின் பெயர் பிழைத்துக்கொண்டது, திருத்த ஆள் இருந்தார்கள். ஒரு சின்ன ஓடையின் பெயர் சிதைந்தால் அது சிதைந்ததுதான். இருநூறு வருடம் கழித்து, பட்டாவில் உள்ள ஓடை எது, காலடியில் ஓடும் ஓடை எது என்று கோர்ட்டில் நிற்கும்போது அந்த மூன்று காதும் சாட்சி சொல்ல வராது.

இத்தனை குறைக்கும் நடுவே வார்டும் கானரும் விட்டுப்போன அறிக்கையை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. படத்தோடு விவர அறிக்கையும் எழுத வேண்டும் என்பது அன்றைய முறை. அன்றைய சர்வேயர் ஜெனரல் காலின் மெக்கன்சி ஏற்படுத்திக் கொடுத்தது. மக்கள், விளைச்சல், ஆறு, பாதை, கோயில் என்று எழுதினார்கள். திருவிதாங்கூர் அறிக்கை 1863-ல்தான் திருவனந்தபுரத்தில் அச்சானது. பழனி மலை அறிக்கை வார்டு செத்த பிறகு சென்னை ஆய்விதழில் வந்தது. மேயருக்கு நேர்ந்ததே இவருக்கும். எழுதியவர் போன பிறகு அச்சு.

வரி வாங்கவும் படை நடத்தவும் கம்பெனி எடுத்த படத்தை எதற்குக் கொண்டாட வேண்டும் என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. இந்தப் படங்கள் வந்த பிறகு மலைக்கு என்ன ஆனது என்பதும் தெரிந்ததே. 1877-ல் சென்னை மாகாணத்துக்கும் திருவிதாங்கூருக்கும் இடையிலான எல்லைத் தகராறைப் பார்க்க வந்த ஜான் டேனியல் மன்றோ, மலையைப் பார்த்து மயங்கி, பூஞ்சாறு அரச குடும்பத்திடம் பெரும் நிலப்பரப்பைக் குத்தகைக்கு வாங்கினார். மூணாறு தேயிலையின் தொடக்கம் அது. எல்லைச் சண்டையைத் தீர்க்க வந்தவர் எஸ்டேட் முதலாளியானார், காடு தேயிலையானது. டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கயிற்றுப் பாதையில் தேயிலைப் பெட்டிகள் இறங்கின, அங்கிருந்து போடிக்கு. வரைபடம் யாருக்கு வழி காட்டியது என்பதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் கம்பெனிக்காரன் எழுதியது என்று மூடி வைத்தால் நஷ்டம் நமக்கு. வழக்கில் எதிர்த்தரப்பு அதைத்தான் எடுத்து வருகிறது.

ஏலமலைக் காடு என்ற ஒரே ஒரு விவகாரம் போதும். திருவிதாங்கூர் அரசு 1897-ல் ஏலமலையைக் காப்புக்காடாக அறிவித்தது. பரப்பு எவ்வளவு? கேரள அரசுத் தரப்பு 15,720 ஏக்கர் என்கிறது. சுற்றுச்சூழல் அமைப்பு உச்ச நீதிமன்றத்தில் 2,15,720 ஏக்கர் என்கிறது. முன்னால் நிற்கும் ஒரு 2. வித்தியாசம் இரண்டு லட்சம் ஏக்கர். அந்த 2 இருந்தால் தோட்டங்களும் வீடுகளும் கடைத்தெருக்களும் காட்டுக்குள். இல்லாவிட்டால் வெளியே. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அங்கே புதிய பட்டா வழங்குவதை இடைக்காலமாக நிறுத்தியது. பூப்பாறையிலும் சாந்தன்பாறையிலும் தோட்டம் வைத்திருக்கும் போடிக்காரர், கம்பத்துக்காரர் எத்தனையோ பேர். அவர்கள் தூக்கம் ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய எண்ணில் தொங்குகிறது.

இந்தத் தகராறில் எது சரி என்று தீர்ப்பது நீதிமன்றம். கட்டுரையாளரின் வேலை இல்லை. ஆனால் ஒன்று கேட்கலாம். எண்ணில் சந்தேகம் வந்தால் எல்லையைப் பார்க்க வேண்டும். எந்த ஓடை தொடங்கி எந்த முகடு வரை என்பது எண்ணைவிட உறுதியானது. பரப்பை எழுதும்போது கை தவறலாம், மலை முகடு தவறாது. அந்த எல்லை விவரமும் அதற்குரிய பழைய படத்தாள்களும் எவரும் திறந்து பார்க்கும்படி இணையத்தில் கிடந்திருந்தால், வதந்திக்கு இவ்வளவு இடம் இருந்திருக்காது.

மாநில எல்லையிலும் இதே கதை. 1956 நவம்பர் 1-ல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. கன்னியாகுமரியும் செங்கோட்டையும் இந்தப் பக்கம் வந்தன. தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு மார்ஷல் நேசமணி காலத்தில் நடந்த போராட்டம், 1954-ன் துப்பாக்கிச் சூடு எல்லாம் அந்தக் கணக்கில் உண்டு. கோடு கிழித்த பிறகும் அது மலையில் எந்தப் பாறை வழியாகப் போகிறது என்பது பல இடத்தில் பேச்சாகவே நிற்கிறது. கூடலூருக்கு மேலே மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குச் சித்திரா பௌர்ணமியன்று ஒரு நாள் மட்டும் இரண்டு மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து வழி விடுகின்றன. கோயில் யாருடையது என்ற விவாதம் எழும்போதெல்லாம் 1817-ம் ஆண்டு அளவையைத்தான் தமிழ்நாட்டுத் தரப்பில் பேசுகிறவர்கள் முதலில் எடுக்கிறார்கள். வார்டு இந்த மலைகளில் நடந்த அதே ஆண்டு. அந்தத் தாளை மேடையில் பேசுகிறவர்களில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

2022 நவம்பரில் கேரளம் டிஜிட்டல் மறுஅளவையைத் தொடங்கியது. தேனி மாவட்ட விவசாயிகள் பதறினார்கள். எல்லையில் இரண்டு மாநிலமும் சேர்ந்து அளக்க வேண்டும் என்றார்கள். அவர்கள் கேட்டது சரி. மேயர் இருந்திருந்தால் இன்னும் ஒரு படி போயிருப்பார். சேர்ந்து அளப்பதோடு நிற்காமல், ஒரே தாளில் பழைய அளவையின் கோடு ஒரு நிறம், தமிழ்நாட்டுக் கோடு ஒரு நிறம், கேரளக் கோடு ஒரு நிறம் என்று அச்சடித்துப் போடிப் பஸ் நிலையத்திலும் பூப்பாறை பஞ்சாயத்து அலுவலகத்திலும் ஒட்டச் சொல்லியிருப்பார். எங்கே மூன்றும் ஒன்றாகப் போகின்றனவோ அங்கே சண்டை இல்லை. பிரியும் இடங்களை மட்டும் போய்ப் பார்த்தால் போதும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வரைபடக் கட்டுப்பாடுகளைத் தளர்த்திவிட்டது. முன்பு அனுமதிக்கு அலைந்த வேலையை இன்று கல்லூரி மாணவர்களே செய்யலாம்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை இல்லை. வார்டின் மதுரை – திண்டுக்கல் அறிக்கையும் திருவிதாங்கூர் அறிக்கையில் இந்த மலைகளைப் பற்றிய பகுதியும் தமிழில் மலிவுப் பதிப்பாகத் தேனி மாவட்டப் பள்ளி நூலகங்களுக்கு வர வேண்டும். பழைய படத்தாள்களின் நகல்களை எழும்பூர் ஆவணக் காப்பகமும் இந்திய நில அளவைத் துறையும் எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்ற வேண்டும். எட்டாம் வகுப்பில் புவியியல் படிக்கும் போடிப் பிள்ளைகள், ஆசிரியர் ஒருவரோடு தங்கள் ஊர் ஓடையைத் தொடக்கத்திலிருந்து நடந்து பார்த்து, தாளில் வரைந்து, தாத்தா பாட்டி சொல்லும் பெயரை அதன் மேல் எழுத வேண்டும். 16 வயதில் மேயர் எஸ்லிங்கனுக்குச் செய்தது இதைத்தான். செல்போன் வைத்திருக்கும் பிள்ளைக்கு அவரைவிட வசதி அதிகம்.

மலையில் ஏறும் பாதைகளுக்கும் இது பொருந்தும். 2018 மார்ச் 11-ல் குரங்கணிக் காட்டுத்தீ 23 பேரைக் கொண்டுபோனது. எந்தத் தடத்தில் போகலாம், எந்தச் சரிவில் கோடையில் புல் காய்ந்து நிற்கும், தீ வந்தால் எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்பதெல்லாம் அந்த ஊர் ஆட்கள் மனதில் இருக்கும் வரைபடம். அந்தப் படம் தாளில் ஏற வேண்டியது மலையேறிகளின் பொழுதுபோக்குக்காக அன்று, உயிருக்காக.

இரண்டு மாநில சர்வேயர்களும் அடுத்த முறை கூட்டு அளவைக்குப் போடிமெட்டுப் பக்கம் வரத்தான் போகிறார்கள். சங்கிலிக்குப் பதில் செயற்கைக்கோள் கருவி இருக்கும். கல்லையும் ஓடையையும் அடையாளம் காட்ட அப்போதும் உள்ளூர் ஆள் ஒருவர் முன்னால் நடந்தாக வேண்டும். முதுவாக்குடியிலிருந்து ஒருவரைச் சம்பளம் பேசி முறைப்படி அழைத்துப் போகட்டும். படம் முடிந்ததும் அளந்தவர், சரிபார்த்தவர் என்று கீழே போடும் கையெழுத்துகளின் வரிசையில், வழிகாட்டியவர் என்று அவர் பெயரையும் எழுதட்டும்.